முன்தோல் இறுக்கம்: விட்டுவிடுவதா, களிம்பா, கத்தியா?

“தோலு பின்னால போக மாட்டீங்குதுங்க. ஆப்ரேசன் பண்ணியே ஆகோணுங்களா, உட்டுடலாமுங்களா?”

ஆண்குறியின் நுனியை மூடியிருக்கும் முன்தோல் இறுக்கமாக இருப்பவர்கள் கேட்பது இது. கோபியில் மருந்துக்கடை வைத்திருக்கும் எனக்கு இந்தக் கேள்வி பழக்கமானது. ஆனால் எடுத்த எடுப்பில் யாரும் இப்படிக் கேட்பதில்லை. கடையில் வேறு ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வருவார்கள். “அரிப்புக்கு ஒரு ட்யூப்” என்றுதான் ஆரம்பிப்பார்கள். எங்கே அரிப்பு என்று கேட்டால் பார்வை கீழே போய்விடும். இன்னும் இரண்டு கேள்வி கேட்டால்தான் உள்ளதைச் சொல்வார்கள். வயது பெரும்பாலும் இருபத்தைந்துக்கு மேல், முப்பத்தைந்துக்குள். ஜாதகம் பொருந்தி, உறுதி வார்த்தை முடிந்து, முகூர்த்த நாளும் குறித்திருக்கும். திருப்பூரில் பனியன் கம்பெனி, கணபதியில் லேத் பட்டறை, திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டி என்று நாலு பேரை வைத்து வேலை வாங்குகிற ஆட்கள்கூட இந்த ஒரு விஷயத்தில் மனசுக்குள் கூனிக்குறுகிக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு முன்னால் இருக்கிற வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். இந்தக் கேள்விக்குள் இரண்டு பிரச்சினைகள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று தோலின் பிரச்சினை: வலிக்கிறதா, கிழிகிறதா, புண் வருகிறதா? இன்னொன்று மனசின் பிரச்சினை: நான் சரியான ஆம்பளையா, வரப்போகிறவள் என்ன நினைப்பாள்? முதலாவதற்குக் களிம்பும் கத்தியும் வேலை செய்யும். இரண்டாவதைக் கத்தியால் சரிசெய்ய முடியும் என்று நம்பிப் போகிறவர்களை நினைத்துத்தான் எனக்கு வெசனம்.

இது வெறும் அபிப்பிராயம் இல்லை. 2018இல் கனடா ஆய்வாளர்கள் 800க்கும் மேற்பட்ட ஆண்களிடம் கேட்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சுன்னத் செய்தவர்கள், செய்யாதவர்கள் இருவரும் அதில் இருந்தார்கள். தன் உடம்பைப் பற்றிய எண்ணமும் தாம்பத்திய வாழ்க்கையும் யாருக்கு மோசமாக இருந்தது? தோல் இருக்கிறதா இல்லையா என்பது அதைத் தீர்மானிக்கவில்லை. தான் இருக்கிற நிலையில் திருப்தி இல்லாதவர்களுக்குத்தான் இரண்டும் மோசமாக இருந்தன, அவர்கள் எந்தப் பக்கம் இருந்தாலும். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. வயது வந்தபின் தானே முடிவெடுத்துச் செய்துகொண்டவர்களும், செய்துகொள்ளாமலே இருப்பவர்களும், சிறு வயதில் செய்யப்பட்டவர்களைவிடத் தங்கள் நிலையில் கூடுதல் திருப்தியோடு இருந்தார்கள். வட அமெரிக்க ஆண்களின் பதிலை அப்படியே நம்மூருக்கு எடுத்துக்கொள்ள முடியாதுதான். ஆனாலும், காரணம் தெரிந்து தானே எடுக்கிற முடிவு மனசில் நிலைக்கும் என்பதை என் கடைக்கு வந்துபோனவர்களிடமும் கண்டிருக்கிறேன்.

இந்தக் கூச்சத்துக்குப் பெரிய காரணம் கைப்பேசி. அதில் பார்க்கிற ஆபாசப் படங்கள் பெரும்பாலும் அமெரிக்காவில் எடுத்தவை. அங்கே 14 முதல் 59 வயது வரையுள்ள ஆண்களில் பத்துக்கு எட்டுப் பேர் முன்தோல் நீக்கப்பட்டவர்கள். அதையே பார்த்துப் பழகிய பையன், எல்லா ஆணும் அப்படித்தான் இருப்பான், தன்னிடம்தான் குறை என்று முடிவு கட்டிக்கொள்கிறான். தமிழ்நாட்டில் முஸ்லிம்கள் 2011 கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு ஆறு பேர். மற்ற வீடுகளில் முன்தோல் நீக்கும் வழக்கம் இல்லை. நம் பக்கத்து ஆண்களில் பெரும்பாலோர் முன்தோலோடுதான் இருக்கிறார்கள். பெண்ணும் வேறு எதையும் எதிர்பார்த்து வரப்போவதில்லை.

இனி வழிகள்.

முதல் வழி, ஒன்றும் செய்யாமல் விடுவது. இதை யாரும் ஒரு வழியாகவே எண்ணுவதில்லை. ஆனால் கேட்கிறவர்களில் கணிசமானவர்களுக்கு இதுதான் சரி. குளிக்கும்போது தோல் வலியில்லாமல் பின்னால் போய்த் திரும்ப முன்னால் வருகிறது. விறைக்கும்போது கொஞ்சம் இறுக்கம் தெரிகிறது, ஆனால் வலி இல்லை, கிழியவில்லை. சிறுநீர் தாராளமாகப் போகிறது. அடிக்கடி புண் வருவதில்லை. இப்படி இருந்தால் அது நோயே இல்லை. தினமும் தோலைப் பின்னால் தள்ளித் தண்ணீரில் கழுவி, மறக்காமல் பழையபடி முன்னால் கொண்டுவந்தால் போதும். டெட்டால், வாசனை சோப்பு எதையும் அங்கே போடாதீர்கள். பாதி அரிப்பு அதனால்தான்.

சின்னப் பையன்களுக்கும் இதே பதில்தான். பிறக்கும்போது முன்தோல், அதற்குள்ளே இருக்கும் ஆண்குறியின் முனையோடு, அதாவது மொட்டோடு, ஒட்டியே இருக்கும். வயது ஏற ஏறத் தானாக விடும். டென்மார்க்கில் பள்ளிப் பையன்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்து 1968இல் வெளியான ஆய்வில், 6–7 வயதில் நூற்றுக்கு 8 பேருக்கு இருந்த இறுக்கம் 16–17 வயதில் நூற்றுக்கு 1 பேருக்குத்தான் மிஞ்சியது. “எண்ணெய் வெச்சு இழுத்து உடு கண்ணு” என்று அமுச்சி சொன்னாலும் குழந்தைக்கு வலுவாக இழுக்கக் கூடாது. இழுத்தால் கிழிந்து, தழும்பாகி, இல்லாத இறுக்கம் உண்டாகிவிடும்.

ஆனால் விடக் கூடாத நிலைகளும் உண்டு. தோலின் நுனியில் வெள்ளையாகத் தடித்து, தழும்பு போல ஒரு வளையம் தெரிந்தால் அது தானாகச் சரியாகாது. டாக்டர் பார்க்க வேண்டும். பின்னால் போன தோல் முன்னால் வராமல் மாட்டிக்கொண்டு மொட்டு வீங்கினால், எத்தனை மணியானாலும் அவசரச் சிகிச்சைக்கு ஓட வேண்டும். விடியட்டும் என்று காத்திருந்தால் ரத்த ஓட்டம் கெட்டுவிடும். நாற்பது வயதுக்கு மேல், அதுவரை நன்றாக இருந்த தோல் திடீரென்று இறுகி, சுற்றிலும் வெடிப்பு விட்டால் முதலில் சர்க்கரை பாருங்கள். தனக்குச் சர்க்கரை இருப்பதையே இப்படித்தான் தெரிந்துகொண்டவர்கள் உண்டு. ஏற்கெனவே சர்க்கரைக்கு டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, சர்க்கரை சிறுநீரில் வெளியேறுவதால் அந்த இடத்தில் பூஞ்சை வர வாய்ப்பு அதிகம். எழுதிக்கொடுத்த டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இரண்டாவது வழி களிம்பு. தழும்பு இல்லாத இறுக்கத்துக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான், ஆனால் டாக்டர் எழுதிக்கொடுத்து. பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு களிம்பை இறுகிய வளையத்தின் மேல் மட்டும் மெல்லிசாக, பொதுவாக நாளுக்கு இரண்டு வேளை, நாலு முதல் எட்டு வாரம் தடவச் சொல்வார்கள். கூடவே வலி வருவதற்குச் சற்று முன்னால் நிறுத்துகிற அளவுக்குத் தோலை மெதுவாகப் பின்னால் நீட்டிப் பழக்க வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் குளிக்கும்போது செய்தால் எளிது. முறையாகச் செய்தவர்களில் பெரும்பாலோருக்குப் பலன் கிடைப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. பத்து நாளில் அலுத்து நிறுத்தியவருக்குப் பலன் இராது. சரியானதும் தோலை நகர்த்திக் கழுவுகிற பழக்கத்தை விட்டாலும் இறுக்கம் திரும்பலாம்.

இங்கே என் தொழிலில் இருக்கிறவனாக ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கடையில் “அரிப்பு ட்யூப்” என்று கேட்டு வாங்கிப்போகிற பல களிம்புகளில் குளோபெட்டசோல் என்ற மிகக் கடுமையான ஸ்டீராய்டும், பூஞ்சைக்கும் கிருமிக்குமான மருந்துகளும் ஒன்றாகக் கலந்திருக்கும். பூசிய இரண்டு நாளில் அரிப்பு அடங்கும். அதை நம்பி மாதக்கணக்கில் பூசினால் அந்த இடத்துத் தோல் வெங்காயச் சருகாக மெலிந்துவிடும், பூஞ்சையும் உள்ளுக்குள் வளரும். டாக்டர் எழுதுகிற களிம்பும் இதுவும் ஒன்றல்ல. பக்கத்து ரூம்காரர் கொடுத்த ட்யூப் வேண்டவே வேண்டாம்.

மூன்றாவது வழியைப் பற்றி நம்மூரில் பலர் கேள்விப்பட்டதே இல்லை. முன்தோலை நீக்காமல், இறுகிய இடத்தில் மட்டும் நீளவாக்கில் சிறிதாகக் கீறி, அகலவாக்கில் தைத்து வாயை விரிவாக்குவது. அடிப்பக்கத்தில் மொட்டையும் தோலையும் பிடித்திருக்கும் நரம்பு போன்ற சின்னத் தோல் மடிப்பு குட்டையாக இருந்து, உறவின்போது அதுதான் இழுத்து வலிக்கிறது, ரத்தம் வருகிறது என்றால், அதை மட்டும் விடுவித்துத் தைக்கிற சிறு சிகிச்சையும் உண்டு. தோல் அப்படியே இருக்கும், தோற்றம் பெரிதாக மாறாது, ஆறுவதும் சீக்கிரம். பிற்பாடு மறுபடி இறுகினால் அப்போது முழுதாக எடுக்கலாம். வெள்ளைத் தழும்பு உள்ளவர்களுக்கு மட்டும் இது ஒத்துவராது. “தோலை எடுக்காம முடியுமாங்க டாக்டர்?” என்று கேட்கிற உரிமை உங்களுக்கு உண்டு, கேளுங்கள்.

நான்காவது, முழுதாக எடுப்பது. வெள்ளைத் தழும்பு வளையம், களிம்புக்கு மசியாத இறுக்கம், திரும்பத் திரும்ப வரும் புண், அடிக்கடி மாட்டிக்கொள்ளும் தோல் ஆகியவற்றுக்கு இதுதான் உறுதியான தீர்வு. ஒரு முறை செய்தால் அந்த இறுக்கம் பெரும்பாலும் வாழ்க்கையில் திரும்பி வராது. தழும்பு இருந்தால், எடுத்த தோலைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஆண்குறிப் புற்றுநோய் அரிதுதான். ஆனால் நாட்பட்ட இறுக்கம் அதற்கு ஒரு காரணி.

உணர்ச்சி குறையுமா என்பது எல்லாருக்கும் உள்ள பயம். கென்யாவிலும் உகாண்டாவிலும் ஆயிரக்கணக்கான இளைஞர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு உடனே செய்து, மற்றக் குழுவோடு ஒப்பிட்டார்கள். தாம்பத்தியத்தில் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. அதே நேரம், முன்தோலும் உணர்ச்சியுள்ள தோல்தான். எடுத்தால் திரும்ப வைக்க முடியாது. எனவே வலுவான காரணம் இருந்தால் பயப்பட வேண்டாம், காரணம் இல்லாவிட்டால் அவசரப்பட வேண்டாம் என்பதே என் நிலை. அந்த ஆப்பிரிக்க ஆய்வுகளை வைத்துத்தான் “சுன்னத் செய்தால் எச்ஐவி வராது” என்ற பேச்சும் வந்தது. ஆணுக்குப் பெண்ணிடமிருந்து தொற்றுகிற வாய்ப்பு சுமார் 60 சதவீதம் குறைந்தது உண்மை. 2007இல் உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைத்தது தொற்று மிகப் பரவலாக இருந்த நாடுகளுக்காக. ஆணுறைக்கு அது மாற்று இல்லை. நீளம் கூடும், ஆண்மை பெருகும் என்கிற விளம்பரங்களில் உண்மை இல்லை. விந்து சீக்கிரம் வருவதற்கும் இது நிரூபணமான வைத்தியம் இல்லை. மாதம் ஒருமுறை லாட்ஜில் ரூம் போட்டு ‘ரகசிய ஆலோசனை’ சொல்கிறவர்களிடம் இதற்காகப் போகவே போகாதீர்கள். கைப்பழக்கத்தால் தோல் இறுகியது என்று அவர்கள் பயமுறுத்துவதும் பொய்.

தையலா, ஸ்டேப்ளரா, லேசரா என்பது முடிவில் சின்ன விஷயம். ஸ்டேப்ளர் கருவியில் வேலை நிமிடங்களில் முடியும், கோடு நேராக வரும், செலவு கூடுதல். சின்னச் சின்னப் பின்கள் சில வாரங்களில் தானாக உதிரும், சிலருக்கு ஒன்றிரண்டை டாக்டர் எடுக்க வேண்டிவரும். லேசர் என்று போர்டு வைத்தாலும் பெரும்பாலும் வெட்டுவதற்கு மட்டுமே அது. செய்கிற கை முக்கியம். யூராலஜி (சிறுநீர்ப்பாதை) டாக்டரோ, அனுபவமுள்ள சர்ஜனோ செய்தால் சாதாரணத் தையலே போதும். கோவை, பெருந்துறை, திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் வெளிநோயாளிப் பிரிவில் காட்டலாம், அங்கே சீட்டுப் போட்டு நிற்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

செய்தபின் வரும் முதல் வாரத்தைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சொல்லாததால்தான் பலர் உடைந்துபோகிறார்கள். மூன்றாம் நாள் கட்டு பிரித்துப் பார்த்தால் கருநீலமாக, அடிப்பக்கம் பை போல வீங்கி, தையல் முடிச்சுகள் துருத்திக்கொண்டு இருக்கும். “கெடுத்துட்டாங்களே” என்று அப்போது தோன்றாத ஆள் குறைவு. அது கடைசித் தோற்றம் இல்லை. தையல் உதிர இரண்டு மூன்று வாரம், வீக்கம் முழுதாக வடிய அதற்கும் மேல், கோடு மங்கிப் பழகிய உறுப்பாகத் தெரிய சில மாதம் ஆகும். இதுவரை மூடியே இருந்த மொட்டு ஜட்டியில் உரசிக் கூசுவது முதல் சில நாட்களுக்கு இருக்கும், பிறகு பழகிவிடும். இரவில் தூக்கத்தில் விறைத்து வலிக்கும். படுக்கும் முன் சிறுநீர் கழித்துவிட்டு ஒருக்களித்துப் படுத்தால் கொஞ்சம் குறையும். பைக், லாரி, தறி ஓட்டுகிறவர்கள் ஒரு வாரமாவது லீவு போட்டுவிட்டு லூசான வேட்டியில் இருங்கள். ரத்தம் நிற்காமல் வந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ அன்றே டாக்டரிடம் போக வேண்டும்.

நம் பக்கத்தில் அறுவை அவசியமானவரையும் தடுத்து நிறுத்துகிற ஒரு பயம் இருக்கிறது. “பார்க்கிறவங்க வேற மதம்னு நினைச்சுட்டா?” என்று கேட்கிறார்கள். கோவையில் 1997, 98இல் நடந்த மதக் கலவரத்தையும் குண்டுவெடிப்பையும் நேரில் பார்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் புண்ணோடும் வலியோடும் ஒருவர் வருடக்கணக்கில் காலம் தள்ள அது காரணமாக வேண்டாம். குடல்வால் எடுப்பது போல இதுவும் ஒரு சிகிச்சை. கோயிலுக்குப் போக, குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க எந்தத் தடையும் வராது. டிஸ்சார்ஜ் சீட்டில் நோயின் பெயர் எழுதியிருக்கும், அதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

முஸ்லிம் குடும்பங்களுக்குச் செய்வதா வேண்டாமா என்ற கேள்வி இல்லை, அது மார்க்கத்தின் வழி. பள்ளப்பட்டியிலும் பொள்ளாச்சியிலும் கோட்டைமேட்டிலும் இருக்கிற நண்பர்கள் கேட்பது எப்போது, யாரிடம் என்பதைத்தான். பிறந்த சில வாரங்களில் செய்தால் சீக்கிரம் ஆறும், நினைவில் நிற்காது. ஐந்தாறு வயதில் செய்தால் மாலையும் புதுத்துணியும் விருந்துமாக அந்தப் பிள்ளைக்கே ஒரு பெருமை இருக்கும், ஆனால் மயக்க மருந்தும் சரியான வலி நிவாரணமும் அவசியம். எந்த வயதானாலும் ஆஸ்பத்திரியில், முன்கூட்டியே டாக்டர் பார்த்தபின் செய்யுங்கள். சிறுநீர்த் துவாரம் நுனியில் இல்லாமல் அடிப்பக்கம் இருந்தால் செய்யக் கூடாது. அதைச் சரிசெய்யும் அறுவைக்கு அந்த முன்தோல் தேவைப்படும். வீட்டில் யாருக்காவது ரத்தம் உறையாத நோய் இருந்தால் சொல்லிவிட வேண்டும். பெரிய பிள்ளையிடம் “டாக்டர் சும்மா பார்ப்பார்” என்று சொல்லிக் கூட்டிப்போகாதீர்கள். என்ன நடக்கும், எவ்வளவு வலிக்கும், எத்தனை நாளில் விளையாடலாம் என்று நேராகச் சொன்னால் பிள்ளைகள் தாங்கிக்கொள்கிறார்கள். ஏமாந்த பிள்ளைக்குத்தான் அந்த நாள் வருடக்கணக்கில் உறுத்தும்.

கடைசியாக, முகூர்த்தம் குறித்தவர்களுக்கு. முழு அறுவை என்றால் உறவுக்கு முன் ஆறு வாரம் இடைவெளி வேண்டும். மூன்று மாதம் இருந்தால் களிம்பை முயன்று பார்த்து, சரியாகாவிட்டால் அறுவைக்கும் நேரம் இருக்கும். இரண்டு மாதம்தான் இருக்கிறது, தழும்பும் இருக்கிறது என்றால் களிம்பில் நாள் கடத்தாமல் டாக்டரிடம் தேதி வாங்குங்கள். மூன்று வாரம்தான் இருக்கிறது என்றால் அவசரப்பட்டுக் கத்திக்குப் போகாதீர்கள். கல்யாணம் முடியட்டும். வரப்போகிறவரிடம், “எனக்குத் தோல் கொஞ்சம் இறுக்கமா இருக்குது, வலிக்குது, டாக்டர்கிட்டக் காட்டிட்டு இருக்கறேன், கொஞ்ச நாள் பொறுத்துக்கலாம்” என்று சொல்லிவிடுங்கள். வேகம் காட்டாமல், தேவைப்பட்டால் தண்ணீர் சார்ந்த வழுக்கு ஜெல் பயன்படுத்திக்கொண்டு, வலித்தால் நிறுத்திவிட்டு, ஊர் விருந்தெல்லாம் ஓய்ந்தபின் இரண்டு பேருமாகப் போய் டாக்டரைப் பாருங்கள்.